மலைக்குடியில் ஒரு நாள்

நெய்வேலி நகரில் வாழ்வோரை நோக்கி, "தங்கள் ஊர் எது?" என்று வினவினால், "நெய்வேலி" என்று உடனே விடை கூறுவோர் மிகச் சிலரே. ஒருவர் தஞ்சையைச் சொல்வார். மற்றொருவர் நெல்லையைச் சொல்வார். வேறொருவர் கேரளத்தையோ ஆந்திரத்தையோ சொல்வார். நேர்கோடு கிழித்தாற்போன்ற தெருக்களும், வட்டம் வட்டமாகப் பிரிந்த குடியிருப்புகளும், எங்கும் நிழல் பரப்பும் மரங்களும் உடைய அந்நகரம், பல திசையிலிருந்து வந்தோர் கூடித் தங்கிய ஒரு பெரிய சத்திரம் போன்றது. என் போன்ற சிலர்க்கோ சொந்த ஊர் மிக அருகிலேயே இருக்கிறது. ஆனால் அதனைக் காண வேண்டுமாயின் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்பொழுது யான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். எங்கள் சிற்றூரில் ஓர் ஏரி இருந்தது. கோடையில் நீர் முழங்காலளவு வற்றியதும், என் பாட்டனார் ஊத்தாவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்குவார். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, மூங்கிற் குச்சிகளால் முடைந்த கூம்பு வடிவமான கூடை. சேற்று நீரில் அதனைச் சட்டெனக் கவிழ்த்து, மேல் வாயின் வழியே கையை விட்டுத் துழாவினால், உள்ளே அகப்பட்ட விரால் கையில் வந்து மோதும். அந்த மோதல் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. ஊர் இடம் பெயர்ந்தபோது பாட்டனார் பாத்திரம் பண்டங்களோடு அவ்வூத்தாவையும் வண்டியில் ஏற்றினார். புதிய வீட்டின் தாழ்வாரத்தில் அது தொங்கியது. இறங்குவதற்கு ஏரி இல்லாமையால் தொங்கிக்கொண்டே இற்றுப் போயிற்று.

யான் வளர்ந்து அச்சுரங்கத்திலேயே பணியில் அமர்ந்தேன். அங்கே எனக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர் நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையிலிருந்து வந்தவர்; முள்ளுக்குறும்பர் என்னும் பழங்குடியினர். மண்ணையும் கரியையும் சுமந்து செல்லும் நெடிய ஓடுபட்டைகளைப் பழுது பார்ப்பது அவருடைய வேலை. அதிகம் பேசமாட்டார். என்னினும் ஐந்து வயது இளையவராதலால் என்னை "அண்ணா" என்றே அழைப்பார். யான் அவரைத் "தம்பி" என்பேன். 1984-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி ஒரு நாள், "அண்ணா, ஐப்பசி பத்தாம் நாள் எங்கள் குடியில் வேட்டைத் திருநாள். என் மகனுக்குப் பதினொரு வயதாகிறது. அவன் இன்னும் வில்லைத் தொட்டதில்லை. அப்பா ஆள்மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார். நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

வேட்டை என்ற சொல் கேட்டதும் யான் சற்றுத் திகைத்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு விலங்குகளை வேட்டையாடுதல் குற்றமாயிற்று என்பதை அறிவேன். நண்பர் என் முகக்குறிப்பை உணர்ந்து, "சட்டத்தை நாங்களும் அறிவோம். வந்து பாருங்கள்" என்றார்.

விருத்தாசலத்திலிருந்து சேலத்திற்குச் செல்லும் சிறு தொடர்வண்டியில் ஏறி, அங்கிருந்து பேருந்தில் கோவையை அடைந்து, உதகை வழியாகக் கூடலூரில் இறங்கியபோது, உடம்பின் எலும்பெல்லாம் தனித்தனியே கழன்றாற்போல் இருந்தது. கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் வழியெங்கும் தேயிலைத் தோட்டங்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அழகாகத்தான் இருந்தன. "இவ்விடமெல்லாம் என் பாட்டன் காலத்தில் காடு" என்று நண்பர் ஒரு முறை கூறினார். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

வழியில் தேவாலா என்னும் ஊரைக் கடந்தோம். சுரங்கத் தொழிலாளியாகிய எனக்கு அவ்வூரின் கதை வியப்பளித்தது. 1880-ஆம் ஆண்டை ஒட்டி அப்பகுதியில் பொன் மிகுதியாகக் கிடைக்கும் என்ற செய்தி பரவியதாம். இலண்டன் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட கும்பினிகள் தோன்றிப் பெரும் பொருளைத் திரட்டின. மலையெங்கும் துளையிட்டனர், பொறிகளைக் கொண்டு வந்து நிறுத்தினர். கிடைத்த பொன்னோ செலவுக்குக் காணவில்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லாரும் போய்விட்டனர். நெய்வேலியில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருளை நிலக்கிழார் சம்புலிங்க முதலியார் அலட்சியம் செய்யாது அரசினரிடம் எடுத்துச் சொன்னதையும், அது பின்னாளில் ஒரு மாநிலத்துக்கே ஒளியூட்டியதையும் எண்ணிக்கொண்டேன். மண்ணுக்குள் இருப்பதை மேலே நின்று கணிப்பது எளிதன்று.

எருமாடு என்னும் ஊரில் இறங்கி, வயல் வரப்பின் வழியே ஒரு நாழிகை நடந்து, மாலையில் நண்பரின் குடியை அடைந்தோம். ஒரு முற்றத்தைச் சூழ்ந்து சில வீடுகள். முற்றம் சாணமிட்டு மெழுகப்பட்டுப் பளிச்சென்றிருந்தது. அதன் ஒருபுறம் அவர்கள் தெய்வப்புரை என்று வழங்கும் வழிபாட்டிடம் இருந்தது. எங்கள் அரவம் கேட்டு நாய்கள் குரைத்தன. நண்பரின் தந்தையார் திண்ணையிலிருந்து எழுந்து, முகத்தைச் சற்றுச் சாய்த்து எங்களை உற்று நோக்கினார். அவருடைய இரு கண்களிலும் புரை விழுந்திருந்ததை யான் அப்பொழுதே கண்டேன்.

முள்ளுக்குறும்பர் பேசும் மொழி மலையாளத்தை ஒத்தது. முதியவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். யான் பேசியவற்றுள் விளங்காததை நண்பர் எடுத்துரைப்பார். பேரனுக்கோ தமிழன்றி வேறு தெரியாது. "தாத்தா" என்று அவன் அழைத்தபோது முதியவர் சிரித்தார். அச்சொல்லை ஒரு முறை தாமும் சொல்லிப் பார்த்தார்.

இரவு உணவுக்குப் பின் நண்பர் தம் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தந்தையின் கையில் வைத்தார். அது சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பழுப்பு நிலக்கரித் துண்டு. முதியவர் அதனை விரலால் தடவினார், நகத்தால் கீறினார், மூக்கருகே கொண்டு சென்று முகர்ந்தார். "இது கல் அன்று, மரம்" என்றார். அவர் கூறியது உண்மையே. அத்துண்டில் மரத்தின் இழையோட்டம் தெளிவாகத் தெரிந்தது. கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காடுகள் மண்ணில் புதையுண்டு அழுத்தம் பெற்று அவ்வாறு மாறியுள்ளன என்று யான் விளக்கினேன். அவற்றின்மேல் ஏறத்தாழ ஐம்பது மீட்டருக்கும் மிகுந்த மண் மூடியிருப்பதையும், சக்கரம் போன்ற பேரியந்திரங்கள் அம்மண்ணை வாரி எடுப்பதையும், கரிக்கு அடியில் பெருகி நிற்கும் ஊற்றுநீர் தரையைப் பிளந்து மேலெழாதபடி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பதையும் சொன்னேன். முதியவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது என்ன மரம்?"

எனக்கு விடை தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அக்கரியோடு வாழ்ந்தும் அக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் விடியுமுன்னரே குடி விழித்துக்கொண்டது. ஆடவர் அனைவரும் நீராடி வந்தனர். தெய்வப்புரையின் முன் விற்களும் அம்புகளும் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டன. மூங்கிலைப் பிளந்து இழைத்துச் செய்த விற்கள். நாணும் மூங்கிற் பட்டையே. ஒவ்வொரு வில்லும் ஒவ்வோர் உயரம். ஏன் என்று வினவினேன். வில்லுக்கு உடையவனின் உயரத்தைக் கொண்டே வில் அமைக்கப்படும் என்றார் நண்பர். அம்புகளிலும் வகைகள் இருந்தன. சில கத்தி போன்ற இரும்பு முனை உடையவை. சில முனையில் வெறும் மரக்குமிழ் உடையவை. பின்னவற்றை மொட்டம்பு என்றனர். இன்னும் ஒன்று, கொக்கிபோல் பின்னோக்கி வளைந்த முள் உடையதாய், நீண்ட கயிற்றோடு பிணைக்கப்பட்டிருந்தது. அது மீனுக்கு உரியது.

இவ்விற்களை வெறும் விளையாட்டுக் கருவிகளென்று எண்ணுதல் பொருந்தாது. ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்துப் போரிட்ட பழசி அரசரின் படையில் வயநாட்டுக் குறிச்சியரும் குறும்பரும் வில்லேந்தி நின்றனர். 1802-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், எடச்சேன குங்கன், தலக்கல் சந்து என்போர் தலைமையில் ஏறத்தாழ நூற்றைம்பது குறிச்சிய வில்லாளர் பனமரம் என்னும் இடத்திலிருந்த கும்பினிப் பாசறையைத் தாக்கி, துப்பாக்கி ஏந்திய எழுபது வீரரை வென்றனர் என்று வரலாறு கூறுகிறது. பழசி அரசர் 1805-இல் மாண்ட பின்னும் அவர்கள் அடங்கவில்லை. விளைபொருளாகச் செலுத்திய வரியைப் பணமாகச் செலுத்துமாறு கும்பினியார் வற்புறுத்தியதனால் 1812-இல் மறுபடியும் வில்லெடுத்தனர். பனமரம் இன்று கேரளத்தில் உள்ளது. அவ்விடத்திலிருந்து நாங்கள் நின்ற குடிக்கு அதிகத் தொலைவில்லை. இடையே மாநில எல்லை ஒன்று வந்துவிட்டது, அவ்வளவே.

வழிபாடு முடிந்ததும் பதினைந்து பேரும் ஏழு நாய்களுமாகக் காட்டை நோக்கி நடந்தோம். முதியவர் முன்னே சென்றார். கண் மங்கியவர் என்று எவரும் கூற இயலாதவாறு அவருடைய கால்கள் வழியை அறிந்திருந்தன. யான்தான் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். அட்டைகள் என் கணுக்காலில் ஏறி இரத்தம் குடித்ததை யான் உணரவில்லை; சிறுவன்தான் கண்டு, "மாமா, உங்கள் காலைப் பாருங்கள்" என்று கூவினான். அவன் கூவியதற்காகப் பெரியோர் பலர் திரும்பிப் பார்த்தனர். காட்டில் கூவலாகாதாம்.

நடக்கும்போது எனக்குக் கற்ற தமிழ் நினைவுக்கு வந்தது. கொல்லி மலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைப்பற்றி வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. ஓரி எய்த ஒரே அம்பு, ஒரு யானையை வீழ்த்தி, புலியின் ஊடு சென்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, முடிவில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். இதனை நண்பர் வாயிலாக முதியவருக்குச் சொன்னேன். அவர் வியப்படைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்று, சிறிது கணக்குப் பார்ப்பவர் போலத் தலையை ஆட்டி, "அத்தனை இறைச்சியையும் யார் சுமந்தது? அவன் குடியில் எத்தனை வீடு?" என்று கேட்டார். உடன் வந்தோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர்.

காட்டின் ஓரத்தில் ஒரு சிறு புல்வெளி. அதனை நெருங்கியதும் முன்னே சென்ற நாய்கள் திடீரென்று நின்றன. முப்பது அடிக்கு அப்பால், ஈரப் புல்லின் நடுவே, செந்நிறமான ஒரு கேழையாடு நின்றுகொண்டிருந்தது. ஆடு என்று பெயரேயன்றி, அது மான் இனத்தது. அஞ்சினால் நாயைப்போல் குரைக்கும். எங்களை நோக்கித் தலையைத் திருப்பியது. ஆனால் ஓடவில்லை. எவரோ மெல்லிய சீழ்க்கையொலி எழுப்ப, நாய்கள் ஏழும் அசையாது படுத்துவிட்டன. முதியவரின் பின்னே நின்ற இளைஞன் ஒருவனுடைய கை அம்பின்மேல் தானாகச் சென்று படிந்தது.

அக்கணத்தில் யான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சட்டத்தை மறந்தேன். வந்த இடத்தில் என் நிலையை மறந்தேன். ஏரியில் ஊத்தாவைக் கவிழ்த்த சிறுவனாகிவிட்டேன். "எய்யுங்கள்! எய்யுங்கள்!" என்று அவ்விளைஞனின் தோளைப் பற்றி முணுமுணுத்தேன். அவன் என்னைத் திரும்பியும் பாராமல், அம்பிலிருந்து கையை எடுத்தான். கேழையாடு இரண்டு முறை குரைத்துவிட்டுப் புதருக்குள் மறைந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முதியவர் என்னருகே வந்து அமர்ந்தார். சினம் அவர் குரலில் இல்லை. முன்னாளில் இதே நாளில் பன்றியை வளைத்து வீழ்த்துவார்களாம். முதல் அம்பு எய்தவனுக்கு ஒரு பங்கு, நாயை நடத்தியவனுக்கு ஒரு பங்கு, வேட்டைக்கு வர இயலாத நோயாளிக்கும், கணவனை இழந்தவளுக்கும் ஒவ்வொரு பங்கு, நாய்களுக்கும் பங்கு. "ஒருவனுக்கு ஆசை வந்தது என்று எய்வது வேட்டை ஆகாது. இப்பொழுது சட்டம் வேண்டாம் என்கிறது. காடும் சிறுத்துவிட்டது. நாங்கள் வில்லை மறவாதிருக்க இங்கே வருகிறோம்" என்றார். யான் தலை கவிழ்ந்தேன். அவ்விளைஞன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அவ்வாசை இல்லாமற் போகவில்லை என்பதை யான் கண்டேன்.

புல்வெளியின் ஒரு கோடியில் வாழைத்தண்டு ஒன்றை நட்டனர். அதுவே இந்நாளைய வேட்டை விலங்கு. ஒருவர்பின் ஒருவராக எய்தனர். பெரும்பாலான அம்புகள் தண்டில் ஆழப் பதிந்தன. சிறுவனின் முறை வந்தது. வில் அவனைவிட உயரமாக இருந்தது. முதல் அம்பு அவன் காலடியிலேயே விழுந்தது. அவனுடைய உறவுச் சிறுவர் நகைத்தனர். இரண்டாம் அம்பு வானை நோக்கிப் போயிற்று. நாய் ஒன்று அதனைத் தேடிக்கொண்டு ஓடியது. மூன்றாம் அம்பைத் தொடுக்காமல் அவன் வில்லைத் தந்தையிடம் நீட்டினான். "எனக்கு வேண்டாம். நெய்வேலியில் இது எதற்கு?" என்று தமிழில் கூறினான். நண்பரின் முகம் வாடியது. முதியவருக்கு அத்தமிழ் விளங்காதிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்; விளங்கியிருந்தது.

வெயில் ஏறியதும் ஓடைக்குச் சென்றோம். பெண்டிர் முன்னரே வந்து, வயலுக்குப் பாயும் சிறு வாய்க்காலில் கூடைகளோடு வரிசையாக நடந்து, சிறு மீன்களை அரித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் பள்ளத்தாக்கெங்கும் கேட்டன. பாறைகளுக்கிடையே நீர் தேங்கிய மடு ஒன்றில் ஆடவர் வில்லோடு நின்றனர். ஆற்று மீனைப் பிடிக்கச் சட்டத்தில் தடையில்லை. வயநாட்டு மேட்டு நிலத்து நீரில் பெரும்பகுதி கிழக்கு நோக்கி ஓடிக் கபினியாகிக் காவிரியில் கலக்கிறது. அவ்வோடையும் அவ்வழியே செல்கிறதென்றார் நண்பர். காவிரி நீர் கொள்ளிடம் வழியாக எங்கள் மாவட்டத்து வீராணம் ஏரியை நிரப்புகிறது என்பதை எண்ணியபோது, எங்கோ வந்துவிட்டோம் என்ற எண்ணம் சற்றுக் குறைந்தது.

நீரில் நிற்கும் மீனை அம்பால் எய்வது காண்பதற்கு எளிது. யானும் ஒரு வில்லை வாங்கி முயன்றேன். தெளிந்த நீரில் கெண்டை போன்ற மீன் ஒன்று அசையாமல் நின்றது. நன்றாகக் குறிபார்த்து எய்தேன். அம்பு மீனுக்கு மேலே சென்று தரையில் குத்தியது. மீண்டும் எய்தேன்; மீண்டும் அவ்வாறே. மூன்றாம் முறையும் தவறியபின்தான், பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைகிறது. ஆகையால் நீருக்குள் உள்ள பொருள் தான் இருக்கும் இடத்தினும் மேலே இருப்பதுபோல் தோன்றுகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழத்தில் உள்ள கல் மூன்றடி ஆழத்தில் கிடப்பதாகக் காணும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலேறித் தோன்றும். ஒரு கிண்ணத்தில் காசு ஒன்றை இட்டு, காசு விளிம்பில் மறையும்வரை பின்னே நகர்ந்து நின்று, வேறொருவரைக் கொண்டு நீர் ஊற்றச் செய்தால், மறைந்த காசு மெல்ல எழுந்து கண்ணுக்குத் தெரிவதை நீங்களும் காணலாம். அக்குடியில் எந்தச் சிறுவனும் இப்பாடத்தைப் படித்ததில்லை. ஆயினும் எல்லாரும் மீனுக்குக் கீழேதான் குறி வைத்தனர்.

முதியவர் ஒரு பாறையின்மேல் நின்றார். அவர் கையில் கயிறு கட்டிய அம்பு இருந்தது. ஆனால் அவர் எய்யவில்லை. நெடுநேரம் நீரையே நோக்கிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவர் எய்த அம்பெல்லாம் வீணாயின என்றும், இவ்வாண்டு வரமாட்டேன் என்று கூறியவரைத் தாங்களே வற்புறுத்தி அழைத்து வந்ததாகவும் ஒருவர் என் காதில் சொன்னார். நீரின் பளபளப்பில் அவருக்கு மீன் தெரியவில்லை.

சிறுவன் சற்றுத் தள்ளிக் கரையில் அமர்ந்து கூழாங்கற்களை எறிந்துகொண்டிருந்தான். அவனை எவரும் அழைக்கவில்லை. எறிந்த கல்லால் அஞ்சி ஒரு மீன் பாறையின் அடிக்கு வந்து நின்றதை அவன் கண்டான் போலும். எழுந்து பாட்டனாரின் அருகே சென்றான். "தாத்தா, அங்கே" என்று விரலை நீட்டினான். முதியவர் விரலைக் கண்டார், மீனைக் காணவில்லை. சிறுவன் அவருடைய இடக்கையைப் பற்றி வில்லை மெல்லத் திருப்பினான். "இன்னும் கொஞ்சம் இப்படி" என்றான். முதியவர் வில்லைத் தாழ்த்தத் தொடங்கினார். "இல்லை, மீன் மேலேதான் இருக்கிறது" என்றான் சிறுவன். முதியவர் தலையசைத்து, தாழ்த்திய இடத்திலேயே நிறுத்தி எய்தார். அம்பு தவறியது.

அடுத்த அம்பும் தவறியது. இப்பொழுது சிறுவனுக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. மீன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை ஒரு குச்சியை நீரில் விட்டு அளந்து வந்து சொன்னான். குச்சி நீரில் முறிந்தாற்போல் தோன்றுவதைக் கண்டு, "தாத்தா, நீங்கள் சொன்னதுதான் சரி, கீழே, இன்னும் கீழே" என்றான். ஏழெட்டு முறை தவறியபின் ஒரு முறை கயிறு விறைத்துத் துடித்தது. சிறுவன் நீரில் குதித்துக் கயிற்றை இழுத்தான். வந்தது ஒரு சாண் மீன்தான். பிறர் பிடித்தவை அதனினும் பெரியவை. "இவ்வளவு சிறியதா!" என்று சிறுவன் ஏமாற்றம் அடைந்தான். முதியவர் மீனை வாங்கி, அன்றிரவு கரித்துண்டைத் தடவியது போலவே, தலைமுதல் வால்வரை விரலால் தடவினார்.

பிடித்த மீனெல்லாம் முற்றத்தில் ஓர் இலையின்மேல் கொட்டப்பட்டுப் பங்கிடப்பட்டது. வீட்டுக்கு ஒரு பங்கு. கடைசி வீட்டில் தனித்து வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு முதற்பங்கு சென்றது. எனக்கும் ஒரு பங்கு தந்தனர். "யான் ஒன்றும் பிடிக்கவில்லையே" என்றேன். "மூன்று முறை எய்தீர்களே" என்றனர். கேழையாட்டைப்பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் புறப்படும்போது யான் நண்பரிடம் அவருடைய தந்தையாரின் கண்களைப்பற்றிப் பேசினேன். புரை என்பது அறுவை மருத்துவத்தால் நீங்கக் கூடியது. முதுமையின் விதி என்று விட்டுவிட வேண்டுவதில்லை. நண்பர் உடன்பட்டார், முதியவர் உடன்படவில்லை. பல மாதங்கள் வற்புறுத்திய பிறகே அவர் கோவைக்கு வந்து ஒரு கண்ணில் மருத்துவம் செய்துகொண்டார். மற்றொரு கண்ணுக்கு, "ஒன்று போதும், வில்லாளன் ஒரு கண்ணை மூடித்தானே பார்க்கிறான்" என்று சொல்லிவிட்டார்.

அன்று அவர் விடை கொடுக்கும்போது பேரனைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தி, அவன் உச்சிக்கு நேராக நிலையில் கத்தியால் ஒரு கோடு கிழித்தார். கையில் ஒரு மொட்டம்பைக் கொடுத்தார். கரித்துண்டை அவர் திருப்பித் தரவில்லை. அது தெய்வப்புரையின் ஓரத்தில், அம்புகளின் அருகே இருந்ததைக் கண்டேன்.

கூடலூர்ப் பேருந்தில் நடத்துநர் அம்பைக் கண்டு, அதற்கும் சீட்டு வாங்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னார். சிறுவன் அதனை உண்மையென்று நம்பி மடியில் மறைத்துக்கொண்டான். நெய்வேலிக்கு வந்து சேர்ந்தபோது வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் நீர் இறைக்கும் பொறிகளுக்கு ஓய்வில்லை. நண்பரும் யானும் அன்றிரவே பணிக்குச் சென்றோம்.

அடுத்த ஆண்டு ஐப்பசிக்குச் சில நாள் முன்பாக, சாக்கில் சுற்றித் தைத்த நீண்ட பொதி ஒன்று நண்பரின் குடியிருப்புக்கு வந்தது. உள்ளே புதிய வில் இருந்தது. கதவு நிலையில் கிழித்த கோட்டின் அளவுக்குச் சரியாக இழைத்திருந்தார் முதியவர். சிறுவன் அதனைத் தரையில் ஊன்றி அருகே நின்றான். வில் அவன் புருவத்துக்குத்தான் வந்தது. பையன் நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டான், வேறு மூங்கில் பார்க்கவும் என்று நண்பர் அன்றிரவே தம் தந்தையாருக்குக் கடிதம் எழுதினார்.